கரைக்கும் தளத்துக்கும் இடையே: மலையடி ஊர்களிலிருந்து பாம்பன் கடந்த கார்களின் வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சரிவை ஒட்டிக் கிடக்கும் இராஜபாளையமும், அதற்கு வடக்கே ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில் ஆண்டாள் கோயிலின் 192 அடிக் கோபுரத்தை அடையாளமாகக் கொண்ட ஸ்ரீவில்லிபுத்தூரும், பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே தீவாக அமைந்த இராமேசுவரமும் 75 ஆண்டுகள் ஒரே மாவட்டத்தின் ஊர்களாக இருந்தன. மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து 1910ல் ஆங்கில அரசு உருவாக்கிய இராமநாதபுரம் மாவட்டம், மேற்கே மலைக்காட்டில் தொடங்கிக் கிழக்கே கடல்மணலில் முடிந்தது. 1985ல் அம்மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டு மலையடி ஊர்கள் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் சேரும் வரையில், இராஜபாளையத்தில் புறப்பட்ட ஒரு காரும் தன் சொந்தச் சக்கரத்தில் உருண்டு இராமேசுவரத்தை அடைந்ததில்லை. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையே கிடந்த இரண்டு கிலோமீட்டர் அளவிலான கடலே அதற்குக் காரணம்.

அக்கடல் ஆழமானதன்று, அகலமானதும் அன்று. ஆயினும் ஒரு வண்டியை அதன் மறுகரைக்குக் கொண்டுசேர்ப்பது மோட்டார் யுகத்தின் முதல் முக்கால் நூற்றாண்டு முழுவதும் ஒரு தனிக் கலையாகவே இருந்தது. நீர்ப்பரப்பைக் கடக்க ஓடமோ கப்பலோ இரயிலோ கிடைத்துவிடும். கரையின் விளிம்புக்கும் ஏற்றிச்செல்லும் கலத்தின் தளத்துக்கும் இடையிலுள்ள சில அடி இடைவெளியை ஒரு டன் எடையுள்ள கார் எவ்வாறு தாண்டும் என்பதே எந்தத் துறையிலும் எழுந்த கேள்வி. காரின் அடிப்பகுதி எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு அக்கேள்வியும் கடினமாயிற்று. பலகை, இரயில் வேகன், பாரந்தூக்கி, சாய்தளம் என்று அதற்குக் கிடைத்த நான்கு விடைகளை வரிசையாக நோக்கினால், தென் தமிழகக் கரையின் போக்குவரத்து வரலாற்றில் இதுவரை அதிகம் பேசப்படாத ஒரு பகுதி துலங்கும்.

ஓடம் அறியாத நாடு

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்து மக்களுக்கு ஓடத்துறை என்பது பழக்கமான காட்சியன்று. மலையிலிருந்து இறங்கும் முடங்கியாறு, காயல்குடியாறு, அர்ச்சுனா நதி முதலியவை வைப்பாற்றோடு சேரும் பருவ ஆறுகளாகும். மழை நாட்களில் சிலபொழுது பெருகி, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பவை. இங்கே ஆற்றைக் கடப்பதென்றால் மணலைக் கடப்பதுதான். பாரவண்டிக்காரர்கள் வெள்ளம் வடியும்வரை கரையில் மாட்டை அவிழ்த்துவிட்டுக் காத்திருப்பார்களே அன்றி, வண்டியை ஓடத்தில் ஏற்றும் தேவை அவர்களுக்கு எழுந்ததில்லை. மாட்டுவண்டியின் பெரிய சக்கரமும் உயர்ந்த அச்சும் அம்மணலுக்கு ஏற்றவை. வண்டியின் அடி தரையில் தட்டும் என்ற கவலை அதில் எழுவதற்கே இடமில்லை.

இந்நிலத்துக்கு மோட்டார் வண்டி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1912ல் தொடங்கிய பேருந்துப் போக்குவரத்து தென்மாவட்டங்களில் மோட்டார் பயணத்தைப் பொதுமக்களுக்கு அறிமுகம் செய்தது. இந்திய மோட்டார் வண்டிச் சட்டம் 1914ல் இயற்றப்பட்டது. மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், தென்காசி வழியாகச் செங்கோட்டைக் கணவாயைத் தாண்டிக் கொல்லம் செல்லும் சாலை, பருத்தியும் மிளகாயும் மலைச்சரக்கும் போய்வந்த பழைய வணிகத் தடமாகும். 1927ல் விருதுநகர்–தென்காசி இருப்புப்பாதை முடிவுற்றபோது இரண்டு ஊர்களும் இரயில் வரைபடத்தில் இடம்பெற்றன. பி.ஏ.சி.இராமசாமி ராஜா 1936ல் இராஜபாளையம் மில்லை நிறுவியதும், பஞ்சாலைத் தொழில் வேரூன்றியதும், அவ்வூரைச் சேர்ந்த பி.எஸ்.குமாரசுவாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்ததும் இராஜபாளையம் வெளியுலகோடு கொண்ட தொடர்பைப் பெருக்கின. வணிகத்துக்காக மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் சென்ற கார்கள், காசி–இராமேசுவர யாத்திரை மரபை ஒட்டிக் கிழக்கே இராமேசுவரத்தை நோக்கியும் திரும்பின. அருப்புக்கோட்டை, பரமக்குடி, இராமநாதபுரம் தாண்டி மண்டபத்தில் சாலை முடிந்ததும் அவை நின்றன.

பலகையும் சங்கடமும்

வண்டியை நீரில் கடத்தும் கருவிகளுள் மிகப் பழையது இரட்டைத் தோணியாகும். இரண்டு தோணிகளை அருகருகே நிறுத்தி, அவற்றின் மேல் குறுக்குமரங்களைக் கட்டி, பலகை பரப்பி ஒரே தளமாக ஆக்கும் இவ்வமைப்பைத் தமிழில் ‘சங்கடம்’ என்றும் மலையாளத்தில் ‘சங்ஙாடம்’ என்றும் வழங்கினர். இணைக்கப்பட்ட மரம் என்ற பொருள்தரும் வடசொல்லிலிருந்து இது வந்ததாகச் சொல்லாய்வாளர் கருதுவர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘செங்கடல் வழிநூல்’ சோழமண்டலக் கரையில் வழங்கிய பெருங்கலங்களைச் ‘சங்கரா’ என்று குறிப்பதும் இதே சொல்லைச் சுட்டுவதாகவே கொள்ளப்படுகிறது. போர்த்துகீசியர் இச்சொல்லை ‘ஜங்கடா’ என்று எடுத்துக்கொண்டனர். அது உருமாறி ‘ஜங்கார்’ என்று மீண்டும் கேரளக் கரைக்கே வந்து சேர்ந்தது. இன்று அங்குள்ள காயல்களில் கார், லாரி ஏற்றும் மிதவையைக் குறிக்க இதுவே வழக்குச் சொல். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கொல்லம் செல்லும் இராஜபாளையத்து வண்டிக்காரர்கள் இச்சொல்லை அறிந்தது அந்த வழியில்தான்.

ஒற்றைத் தோணி வண்டிக்கு ஏன் ஒவ்வாது என்பதற்கு விளக்கம் எளிது. குறுகிய கலத்தின் மேல் பாரம் உயர்ந்து நின்றால் கலம் கவிழும். இரு தோணிகளுக்கு இடையே அகலம் கிடைக்கும்போது அத்தளம் பாரத்தை நிலையாகத் தாங்கும். ஆயினும் இரட்டைத் தோணியின் குறை அதன் விளிம்பில் இருந்தது. கரையிலிருந்து தளத்துக்குச் சார்த்தும் இரண்டு பலகைகளின் மீது சக்கரங்கள் ஏறும்போது, முன்சக்கரத்தின் பாரம் தளத்தின் ஒரு முனையில் மட்டும் விழுவதால் அம்முனை நீரில் அமிழும். பலகையின் சரிவு அந்த நொடியில் மாறிவிடும். மாட்டுவண்டிக்கு இது பொருட்டன்று. காருக்கோ இதுவே பெருந்தடையாயிற்று.

பாம்பன் கடவிலும் இரயில் வருவதற்கு முன் மனிதரும் பொதியும் தோணியிலேயே கடந்தனர். 1897 ஜனவரியில் இலங்கையிலிருந்து கடல்வழியாகப் பாம்பனில் இறங்கிய சுவாமி விவேகானந்தரை வரவேற்ற இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி, குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்களோடு தாமும் சேர்ந்து அவர் அமர்ந்த வண்டியை இழுத்தார் என்பது பலரும் அறிந்த வரலாறு. தீவிலும் வண்டிகள் இருந்தன, பெருநிலத்திலும் வண்டிகள் இருந்தன. ஆள் கடப்பார், வண்டி கரையிலேயே நிற்கும் என்பதே அன்றைய வழக்கம். மோட்டார் வந்தபின்தான், ஏறிய வண்டியிலேயே ஊர் சேர வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது.

இரயில் ஏறிய கார்

மதுரையிலிருந்து மண்டபம் வரையிலான இருப்புப்பாதை 1902லும், பாம்பனிலிருந்து இராமேசுவரம் வரையிலான பாதை 1906லும் திறக்கப்பட்டன. இடையிலுள்ள கடலைப் பயணிகள் படகில் தாண்டினர். அவ்விடைவெளியை நிரப்பிய பாம்பன் இரயில் பாலம் 24 பிப்ரவரி 1914 அன்று திறக்கப்பட்டது. 145 தூண்களின் மேல் ஏறத்தாழ 2,065 மீட்டர் நீளத்துக்குச் சென்ற அப்பாலத்தின் நடுவே, கப்பல் செல்வதற்காக இருபுறமும் மேலே விரியும் ஷெர்சர் தூக்குப்பகுதி அமைந்தது. அது இரயிலுக்கு மட்டுமான பாலம். வண்டி செல்லச் சாலையோ ஓரப்பாதையோ அதில் இல்லை. எனவே 1914 முதல் 1988 வரை இராமேசுவரம் செல்ல விரும்பிய கார், மண்டபத்தில் இரயில் வேகனில் ஏறிப் பாம்பனில் இறங்க வேண்டியிருந்தது.

இதற்குப் பயன்பட்டவை பக்கச்சுவர் இல்லாத தட்டையான தள வேகன்கள். இந்திய இரயில்வேயில் கார்களுக்கு முன்பே செல்வர்களின் குதிரை வண்டிகளை ஏற்றிச்செல்லும் திறந்த வண்டிப்பெட்டிகள் இருந்தன. குதிரை வண்டியின் இடத்தில் கார் வந்து அமர்ந்தது. ஏற்றும் முறைகள் இரண்டு. பக்கவாட்டு மேடையிலிருந்து வேகனில் ஏற்றினால் காரைக் குறுகிய தளத்தின் மேல் திருப்ப வேண்டும், அது எளிதன்று. ஆகவே பாதை முடியும் இடத்தில் வேகன் தளத்தின் உயரத்துக்கு எழுப்பப்பட்ட ‘முனை மேடை’ விரும்பப்பட்டது. கார் மண்சரிவில் ஏறி மேடையை அடைந்து, வேகனின் முனைக்கும் மேடைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் சார்த்திய இரும்புத் தகடுகளைத் தாண்டி, நேராகத் தளத்துக்குச் செல்லும். பின்னர் சக்கரங்களின் முன்னும் பின்னும் மரக்கட்டைகள் அடித்து, வடத்தால் வேகனோடு கட்டுவர்.

அன்று அது மீட்டர் பாதை, அதாவது இரு தண்டவாளங்களின் இடைவெளி ஒரு மீட்டரே உள்ள பாதை. பெரும்பாலான கார்களின் இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி அதைவிட அகலமானது. எனவே கார், தன்னைச் சுமக்கும் தண்டவாளத்தைவிட அகலமாக நின்றுகொண்டு, இருபுறமும் கைப்பிடிச்சுவர் இல்லாத பாலத்தின் மேல், கடற்காற்றில் மெதுவாக நகர்ந்தது. காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பாலத்தில் இரயிலை நிறுத்தும் விதியும் இருந்தது. ஆகவே மண்டபத்தில் ஏற்றப்பட்ட கார் வேகன் இணைப்புக்காக மட்டுமன்றிக் காற்று தணிவதற்காகவும் காத்து நிற்க நேர்ந்தது. மலையடி ஊர்களிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஒரே நாளில் ஓடிவந்த வண்டிக்குக் கடைசி இரண்டு கிலோமீட்டர் மற்றொரு நாளாகவும் ஆகலாம். அதனால் பலர் காரை மண்டபத்தில் விட்டுவிட்டு இரயிலேறிச் செல்வதையே மேலெனக் கொண்டதில் வியப்பில்லை.

தூக்கப்பட்ட கார்

பாம்பன் பாலத்தின் முதல் நோக்கம் யாத்திரை அன்று, இலங்கைத் தொடர்பே. 1914ல் பாலத்தோடு தொடங்கிய தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவை, சென்னை எழும்பூரிலிருந்து வந்த ‘போட் மெயில்’ இரயில் பயணிகளை ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடல் தாண்டிச் சேர்த்தது. ‘கர்சன்’, ‘எல்ஜின்’, ‘ஹார்டிஞ்சு’ என்ற மூன்று நீராவிக் கப்பல்கள் முதலில் ஓடின. பின்னர் ‘இர்வின்’, ‘கோஷன்’ என்பவை சேர்ந்தன. இச்சேவைக்கு முன் தூத்துக்குடியே கொழும்புக்கு வாயில். அங்கே கடல் ஆழமற்றிருந்ததால் கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, ஆளும் சரக்கும் தோணியிலும் சிறு விசைப்படகிலும் போய் ஏறினர். அத்தகைய துறையில் ஒரு காரை ஏற்றுவதென்றால் கரையிலிருந்து தோணிக்கு ஒரு முறையும், அசையும் தோணியிலிருந்து அசையும் கப்பலுக்கு மற்றொரு முறையும் அதைத் தூக்க வேண்டும். தனுஷ்கோடியில் கப்பல் மேடையை ஒட்டியே நின்றதும், இரயில் அம்மேடை வரை சென்றதும் இவ்விரட்டைத் துன்பத்தைப் பாதியாக்கின.

எனினும் அக்கப்பல்கள் வேகன்களையே உள்ளே உருட்டி ஏற்றும் இரயில் கப்பல்கள் அல்ல. தனுஷ்கோடியில் பயணி இரயிலிலிருந்து இறங்கித்தான் கப்பலில் ஏறினார்; காரோ சரக்காகக் கருதப்பட்டது. அக்காலத்தில் எந்தத் துறையிலும் சரக்காகச் செல்லும் காரை ஏற்றும் பொதுமுறை பாரந்தூக்கிதான். நான்கு சக்கரங்களின் அடியிலும் வலையோ வார்ப்பட்டையோ கொடுத்து, நான்கு வடங்களையும் மேலே ஒரு சட்டத்தில் பிணைத்து, கொக்கியில் மாட்டித் தூக்குவர். மேலுள்ள சட்டம் அகலமாக இல்லாவிட்டால் வடங்கள் உட்பக்கம் நெருங்கி மட்கார்டையும் கதவையும் நெரித்துவிடும். பெட்ரோல் தொட்டியைக் காலி செய்வதும் பாட்டரி இணைப்பை எடுத்துவிடுவதும் தீ அஞ்சிச் செய்யப்பட்ட முன்னெச்சரிக்கைகள்.

இதைத் தென்கோடித் துறையின் பின்தங்கிய நிலை என்று கருதுவது தவறு. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கேப்டன் டவுன்சென்ட் 1928ல் தொடங்கிய கார்க் கப்பல் சேவையிலும் டோவர் துறையில் கார்கள் பாரந்தூக்கியாலேயே ஏற்றப்பட்டன. கார் தானே ஓடி ஏறும் சாய்தளங்களோடு கூடிய துறைமேடை டோவரில் திறக்கப்பட்டது 1953ல்தான். ஸ்காட்லாந்தில் ஃபோர்த் கழிமுகத்தில் 1850லேயே தாமஸ் பௌச் என்ற பொறியாளர், கடல்மட்டம் ஏறி இறங்குவதற்கேற்பத் தானும் ஏறி இறங்கும் சாய்தளத்தின் வழியாக இரயில் வேகன்களைக் கப்பலில் உருட்டி ஏற்றினார். அவருடைய முறை காருக்கு வந்துசேர நூறாண்டுகள் ஆயின. 1914க்கும் 1953க்கும் இடைப்பட்ட காலத்தில் தனுஷ்கோடியும் டோவரும் பெரும்பாலும் ஒரே நிலையில் இருந்தன எனலாம். அதற்குப் பிறகுதான் இரண்டும் பிரிந்தன.

கடல் கடக்கும் காருக்குப் பலகையும் பாரந்தூக்கியும் மட்டும் போதா, தாளும் வேண்டும். வேற்றுநாட்டில் காரை விற்றுவிடாமல் திரும்பக் கொண்டுவருவோம் என்பதற்கு உறுதியாக மோட்டார் சங்கங்கள் வழங்கும் ‘கார்னே’ என்ற சுங்கப் புத்தகம் அதில் முதன்மையானது. ஒவ்வொரு எல்லையிலும் அதன் ஓர் ஏடு கிழிக்கப்பட்டு முத்திரை இடப்படும். தற்காலிகமாகக் கொண்டுசெல்லும் தனியார் வண்டிகளுக்கான சுங்க உடன்படிக்கை ஒன்று 1954ல் உலக அளவில் ஏற்பட்டபோது இம்முறை மேலும் உறுதிபெற்றது.

தாழ்ந்த காரும் சாய்ந்த பலகையும்

இந்தியச் சாலைகளுக்கென இறக்குமதியான தொடக்ககாலக் கார்கள் உயரமானவை. அகலமான மிதிபலகையும் பெரிய சக்கரமும் கொண்டவை. அவற்றுக்குப் பலகைச் சரிவு தடையாக இருந்ததில்லை. சிக்கல், பந்தயத்துக்கும் வேகத்துக்குமென அடி தாழ்த்திக் கட்டப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்களோடு வந்தது. காரின் பாரமையம் தரையை ஒட்டி இருந்தால் வளைவில் அது சாயாமல் திரும்பும். அதனாலேயே பொறியாளர்கள் அதன் அடியைத் தாழ்த்தினர். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில், 1953ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் இத்தகைய கார்கள் ஓடின. இலங்கைப் போட்டியாளர்களும் அங்கே வந்து கலந்துகொண்டனர். இலங்கையிலும் நுவரெலியா அருகே மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1934 முதலும், களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்த விமானத்தளப் பந்தயம் பின்னரும் புகழ்பெற்றன. இரு நாட்டுக்கும் நடுவில் தரைவழி இல்லாததால், பந்தயக் கார் ஒன்று எதிர்க்கரைக்குச் செல்லக் கப்பலே வழி.

காரின் அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைப் பட்டறைகளில் ‘கிரவுண்ட் கிளியரன்ஸ்’ என்றே சொல்வர். தமிழில் தரையிடைவெளி எனலாம். இன்றைய சாதாரணக் காரில் இது ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். ஸ்போர்ட்ஸ் காரில் 10 முதல் 13 சென்டிமீட்டர். பலகையில் ஏறும் காருக்கு மூன்று இடங்களில் ஆபத்து உண்டு. ஏறத் தொடங்கும்போது முன்சக்கரம் பலகையைத் தொடும் முன்பே பம்பர் தொட்டுவிடலாம். பலகை முடிந்து தளம் தொடங்கும் முகட்டில், முன்சக்கரம் தளத்திலும் பின்சக்கரம் பலகையிலும் நிற்கும் நிலையில் காரின் வயிறு தட்டலாம்; மெக்கானிக்குகள் ‘சேம்பர்’ என்று வழங்கும் எஞ்சின் எண்ணெய்க் கலம் அடிபடுவது இங்கேதான். கடைசியாகப் பின்சக்கரம் ஏறத் தொடங்கும்போது சைலன்சரின் வால்பகுதி தரையில் உராயலாம்.

இரண்டாவது ஆபத்தைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் 2.5 மீட்டர் இடைவெளியும் 12 சென்டிமீட்டர் தரையிடைவெளியும் உள்ள கார், சுமார் 11 பாகை வரையிலான முகட்டைத்தான் தட்டாமல் தாண்டும். அதாவது ஐந்து மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் என்னும் ஏற்றமே அதற்கு ஏறக்குறைய எல்லை. தரையிடைவெளி 17 சென்டிமீட்டர் ஆனால் எல்லை 15 பாகையைத் தாண்டிவிடும். ஐந்து சென்டிமீட்டர் வேறுபாடு ஒரு காரைக் கப்பலேற்றுகிறது, மற்றொன்றைக் கரையில் நிறுத்துகிறது. கடல்மட்டம் வற்றியிருக்கும் வேளையில் மிதவை தாழ்ந்து நிற்கும். ஏறியிருக்கும் வேளையில் உயர்ந்து நிற்கும். கேரளக் கரையிலும் பாக் நீரிணையிலும் இவ்வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்குவது நற்பேறு. ஆயினும் பலகை குட்டையாக இருந்தால் அந்த ஒரு மீட்டரே போதும் சேம்பரை உடைக்க.

இதற்குத் துறைக்காரர்கள் கண்ட வழிகள் எங்கும் ஏறக்குறைய ஒன்றே. பலகையின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் சரிவு பாதியாகும். முகட்டின் இருபுறமும் ஆப்புப்பலகை வைத்தால் ஒரே கூரிய மடிப்பு இரண்டு மெல்லிய மடிப்புகளாகப் பிரியும். அகலமான சாய்தளம் என்றால் காரைக் குறுக்குச் சாய்வாக ஓட்டி, சக்கரங்களை ஒவ்வொன்றாக விளிம்பைத் தாண்டவைக்கலாம். பயணிகளையும் பெட்டிகளையும் இறக்கிவிட்டால் ஸ்பிரிங் எழும்பி விரல் அளவு இடைவெளி கூடும். முன்பகுதி நீண்ட காரைப் பின்புறமாக ஏற்றுவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, தளமும் கரையும் ஒரே மட்டத்துக்கு வரும் வேளைக்குக் காத்திருப்பதே அனுபவம் உள்ளவரின் வழி. ஏறியபின் கட்டும்போது உடலிலோ பம்பரிலோ கட்டாமல் சக்கரத்திலும் அச்சிலும் கட்டுவதும், இறங்கியவுடன் அடிப்பகுதி முழுவதையும் நன்னீரால் கழுவுவதும் கடலுப்பிலிருந்து காரைக் காக்கும் ஒழுக்கங்களாகும். அலைநீரின் அருகில் நிற்கும் தாழ்ந்த காருக்கு இவை இன்றியமையாதவை.

அழிவும் பாலமும்

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயில் கடலலையில் அகப்பட்டு, அதிலிருந்தோர் அனைவரும் மாண்டனர். துறைமேடையும் நிலையமும் இல்லாமற்போயின. பாம்பன் பாலத்தில் 126 உத்தரங்கள் அடித்துச் செல்லப்பட்டன. பொறியாளர் இ.ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலம் சீர்செய்யப்பட்டது இந்திய இரயில் வரலாற்றின் பெருஞ்செயல்களுள் ஒன்று. அதனாலேயே வேகனில் ஏறிய கார்களுக்கும் வழி மீண்டும் திறந்தது. ஆனால் கப்பல் தனுஷ்கோடிக்குத் திரும்பவில்லை. சேவை இராமேசுவரத்துக்கு மாறி, ‘ராமானுஜம்’ போன்ற கப்பல்களால் நடந்து, 1980களின் தொடக்கத்தில் இலங்கையின் இனக்கொந்தளிப்பை ஒட்டி நின்றது.

சாலைப் பாலத்துக்கு 1974ல் அடிக்கல் நாட்டப்பட்டது. கடல்நடுவே தூண் நிறுத்தும் பணி 14 ஆண்டுகள் நீண்டு, 2.345 கிலோமீட்டர் நீளமுள்ள அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம் 2 அக்டோபர் 1988 அன்று பிரதமர் இராஜீவ் காந்தியால் திறக்கப்பட்டது. பழைய இராமநாதபுரம் மாவட்டம் பிரிந்து மூன்று ஆண்டுகள் கழிந்த பின்தான் அதன் மேற்குக் கோடியில் புறப்பட்ட கார் கிழக்குக் கோடியை உருண்டே அடைந்தது. ஒன்றாயிருந்தபோது கிடைக்காத வழி, பிரிந்தபின் கிடைத்தது. மண்டபத்து முனை மேடைக்கும் தள வேகனுக்கும் அன்றோடு வேலை முடிந்தது. பழைய இரயில் பாலமும் 2022 டிசம்பரில் ஓய்வுபெற, நடுப்பகுதி செங்குத்தாக மேலெழும் புதிய பாலம் 6 ஏப்ரல் 2025 அன்று திறக்கப்பட்டது.

இலங்கைக் கரைக்கோ அந்த நல்வாய்ப்பு இன்னும் வரவில்லை. 2011 ஜூன் மாதம் தூத்துக்குடி–கொழும்பு தடத்தில் ஓடத் தொடங்கிய ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’, 1972ல் கார் ஏற்றும் கப்பலாகவே கட்டப்பட்டது. வயிற்றில் கார்த்தளம் கொண்ட அக்கப்பல் போதிய பயணிகள் இல்லாமல் அதே ஆண்டு நவம்பரில் நின்றது. 2023 அக்டோபர் 14ல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்ட நாகப்பட்டினம்–காங்கேசன்துறை சேவை மனிதரையும் அவர்தம் பெட்டிகளையும் ஏற்றும் கப்பலே. கார் அதில் ஏறாது. மறுபுறம், கொச்சியில் 2018 முதல் ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே ஓடும் ‘சேது சாகர்’ கலங்கள், சங்கடமும் ஜங்காரும் வளர்ந்து இருமுனையும் திறந்த சாய்தளக் கப்பலாக ஆகியிருப்பதை அன்றாடம் காட்டுகின்றன. கேரளக் காயல் கண்ட அந்த நான்காம் விடையைப் பாக் நீரிணை இன்னும் காணவில்லை.

பலகை, வேகன், பாரந்தூக்கி என்ற மூன்று கட்டங்களும் சொல்லும் பாடம் ஒன்றே: ஒரு துறையின் தகுதி அதன் கப்பலைவிட அதன் விளிம்பையே பொறுத்தது. இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே மீண்டும் கப்பல் விடுவது பற்றிய பேச்சு இரு நாடுகளிலும் தொடர்கிறது. அது செயலாகும் நாளில், பயணிகள் நடந்து ஏறும் மேடை ஒன்றைக் கட்டிவிட்டு அமையாமல், கடல்மட்டத்தோடு ஏறி இறங்கும் நீண்ட சாய்தளம் ஒன்றையும் இரு கரைகளிலும் சேர்த்தே கட்ட வேண்டும். அதன் சரிவைப் பத்து மீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஏறவிடாமல் வகுத்தால், மலையடி இராஜபாளையத்திலிருந்து புறப்படும் மிகத் தாழ்ந்த காரும் தன் சொந்தச் சக்கரத்தில் இலங்கை மண்ணைத் தொடும்.